கட்டாமல் கொண்டுபோன மஞ்சூ

மன்னிப்புக் கேட்கப் போகிறவர் கையில் நல்ல கனமான பலகாரப் பெட்டி இருக்க வேண்டும். மொரிவாகி அதை ரயிலில் தலைக்கு மேலிருந்த தட்டிலேயே விட்டுவிட்டு ஈதா நிலையத்தில் வெறுங்கையோடு இறங்கினார். ஞாபகம் வந்தபோது ரயில் போய்விட்டிருந்தது.

அவர் தோட்ட வேலைக் காண்டிராக்டர். போன வாரம் வெட்டச் சொன்னது ஒரு வீட்டுப் பெர்சிமன் பழ மரம். அவர் வெட்டிச் சாய்த்தது மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஹிராய்வா அம்மாள் வீட்டு மரம். நட்டு எட்டு வருஷம் காத்திருந்து, இந்த வருஷம்தான் முதன்முதலாகப் பிஞ்சு பிடித்திருந்தது. நஷ்டஈடு வேண்டாம் என்று அந்த அம்மாள் போனிலேயே சொல்லிவிட்டாள். அதுதான் மொரிவாகியை அரித்தது. பணத்தை வாங்கிக்கொண்டு நாலு திட்டு திட்டியிருந்தால் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

அவள் வீட்டுத் தெருமுனையில் ஒரு பலகாரக் கடை. அடுப்பிலிருந்து தட்டை அப்போதுதான் வெளியே இழுத்திருந்தார்கள். கஷ்கொட்டைப் பூரணத்தை மாவில் பொதிந்து சுட்ட மஞ்சூ, மேலே முட்டை மஞ்சள் கரு தடவிப் பழுப்பாக மின்னியது. மன்னிப்புக் கேட்கப் போகிற வீட்டுப் பக்கத்திலேயே பலகாரம் வாங்கிப்போவதைப் போல அவமரியாதை வேறில்லை; போகிற வழியில் ஞாபகம் வந்து வாங்கியதாகத் தெரியும். அது மொரிவாகிக்கும் தெரியும். ஆனால் தாமதமாகப் போவது அதைவிட மோசம்.

"பெட்டியில வச்சு, நல்ல தாள் சுத்திக் குடுங்கம்மா."

கடைக்காரி கினுயோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கறுப்புக் கோட்டு, டை, வியர்த்த கழுத்து.

"சூட்டோட மூடுனா வேர்த்து ஊறிப்போயிடும்ணே. ஆறட்டும், உக்காருங்க."

"உக்கார நேரமில்ல. சொன்ன நேரத்துக்குப் போயாகணும்."

"யாரு வீட்டுக்கு?"

சொன்னார்.

"ஓஹோ! மரத்த வெட்டுன மகராசன் நீங்கதானா?" இடுக்கியைக் கீழே வைத்தாள். "அந்தம்மா எங்கிட்டத்தான் வாங்குறாங்க. பாத்ததுமே கண்டுபிடிச்சிடுவாங்க."

"வேற வழியில்ல."

"அப்ப பையில போட்டுத் தரேன். பை வாயை மூடாதீங்க, ஆவி போகணும்."

ஹிராய்வா அம்மாள் அவரைக் கூடத்தில் உட்காரவைத்தாள். மொரிவாகி மண்டியிட்டு நெற்றி பாயில் படக் குனிந்தார். பலகாரத்தை வாங்கிக்கொண்டால் மன்னித்தாயிற்று. வாங்காவிட்டால் அப்படியே திரும்பத் தூக்கிப்போக வேண்டியதுதான். இரண்டில் ஒன்று.

"எல்லைய அளந்தது நான், வெட்டுனதும் நான். ஆளுங்க மேல தப்பில்லீங்க."

அவர் முடிப்பதற்குள் பை தன் வாசனையைக் கூடம் முழுக்கப் பரப்பிவிட்டது.

"தெருமுனையில வாங்குனதா?"

பொய் சொல்லிப் பயனில்லை. "ஆமாங்க. கொண்டுவந்த பெட்டிய ரயில்ல விட்டுட்டேன்."

"மரத்தையும் இப்படித்தான் வெட்டுனீங்க, கவனமில்லாம."

மொரிவாகிக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. போதும், போய்விடலாம் என்று பையை எடுத்தார்.

"இருங்க." அவள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எட்டு வருஷம். அது தித்திக்குமா துவர்க்குமான்னுகூட எனக்குத் தெரியாது. இனிமே தெரியவும் போறதில்ல."

குரல் உடைந்தது. அவள் அதை மறைக்கவில்லை. மொரிவாகி பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார். இந்தத் தடவை மரியாதைக்காக அல்ல, அவளை நிமிர்ந்து பார்க்க முடியாததால்.

அவள் கையை நீட்டி, திறந்திருந்த பைக்குள் விட்டு, ஒரே ஒரு மஞ்சூவை எடுத்தாள். பையை அவர் பக்கமே தள்ளினாள்.

"இன்னைக்கு மனசு இவ்வளவுதான் வருது. மிச்சத்த எடுத்துட்டுப் போங்க."

இப்படி ஒரு பதிலை அவர் எங்கும் கேட்டதில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு தயங்கினார்.

"அடுத்த வாரமும் வரலாமாங்க?"

அவள் மஞ்சூவைப் பிட்டாள். பூரணம் இன்னும் ஆவி விட்டது, ஊதிக்கொண்டாள்.

"வாங்க," என்றாள். "ஆனா பெட்டியில கட்டி எடுத்துட்டு வராதீங்க."