நானூறாவது டப்பா

1

ஒரு சுகாதார அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கிடைத்தது இந்தக் கதை. நாடாப்புழு நூற்றுக்குப் பத்துப் பேரிடம் இருந்தால் ஊருக்கே மாத்திரையாம். குறைந்தால், கண்டுபிடித்தவர்களுக்கு மட்டும். ஒன்பது வரைக்கும் வெறும் நோயாளிகள், பத்தாவது ஆள் வந்தால்தான் ஊர். எந்த மகராசன் போட்ட வரம்போ! பற்றிக்கொண்டு வந்தது. எழுத உட்கார்ந்தேன்.

2

“கண்ணீர் மல்க அந்தப் பெண்...”

சீ, அழுமூஞ்சி. வேண்டாம்.

லேப்காரி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். முட்டை தெரிந்தது. குட்டிச் சக்கரம், விளிம்பு முழுக்கக் கோடு.

[இங்கே என் கோபம் காலை வாரிவிட்டது. அந்தப் புழுவுக்கு வாய் இல்லை, குடல் இல்லை. ஆனாலும் ஆள் உயரத்தைத் தாண்டி, வருஷக்கணக்கில் ஒருவருக்குள் குடியிருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அதன் முட்டை இன்னொருவர் வாய்க்குள் போனால் மூளை வரை ஏறி, வலிப்பில் தள்ளுகிறது. திட்ட வந்தவள் வாயைப் பிளந்து நிற்கிறேன்.]

3

நானூறு பேர், நானூறு மல டப்பா. நாற்பதில் முட்டை. சரியாக நூற்றுக்குப் பத்து! ஆனால் முட்டை இருந்த கடைசி நான்கும் ஒரே வீடு. ஒரே நிறம், ஒரே பதம். அவளுக்கு உறுத்தியது. நேரில் போனாள்.

“அக்கா, நாலும் யாரோடது?”

“என்னோடதுதான். அவருக்கு வெட்கம், பொண்ணுங்க ரெண்டும் ஓடிட்டாங்க. ஒரே சட்டிச் சோறுதானே, யாரோடதா இருந்தா என்ன?”

“ஐயோ அக்கா, ஒரு ஆளை நாலா எண்ணிட்டேனே!”

“எண்ணினா என்ன, குறைஞ்சா போயிடுவே? தெருவுக்கு ரெண்டு பேர் வலிப்புல விழறாங்க. மாத்திரை வந்தா புதுசா யாரும் விழமாட்டாங்கன்னு நீதானே சொன்னே?”

சொன்னது அவள்தான். மூன்றைக் கழித்தால் முப்பத்தேழு. மூன்று புது டப்பாவை நீட்டினாள்.

“இந்தத் தடவை அவங்கவங்களோடது. உங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் போவேன்.”

4

அக்காவின் கணவருடையதில் முட்டை. மூத்தவளுடையதிலும். முப்பத்தொன்பது.

மிச்சம் இளையவள், நான்கு வயது.

‘இருக்கணும் கடவுளே’ என்று வேண்டிக்கொண்டாள். வேண்டியது தன் காதிலேயே விழ, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள். ஒரு குழந்தையின் வயிற்றில் புழு வேண்டுமென்று—

[இந்த வாக்கியத்தை ஆறு தடவை முடித்துப் பார்த்தேன். முடியவில்லை. இத்தனை பெரிய ஊர், அத்தனை சின்ன முட்டையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.]

முட்டை இருந்தது என்று எழுதலாம். இல்லை என்றும் எழுதலாம். இரண்டுக்கும் என் கை வரவில்லை.

கண்ணாடித் துண்டை வைத்தாயிற்று, விளக்கும் எரிகிறது. நீங்களே குனிந்து பாருங்கள். குனியும்போது எதை வேண்டிக்கொண்டீர்கள் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.