தேதி போடாத கையெழுத்து

எட்டாவது உறையும் பழுப்பு நிறம்தான், பதிவுத் தபால்தான். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஐஸ் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துதான் பிரித்தேன், வீட்டில் யாரும் பார்க்க வேண்டாம் என்று.

சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு இரண்டு புள்ளி. லைசன்ஸில் மொத்தம் பன்னிரண்டு. ஏற்கெனவே வந்த ஏழு அபராதச் சீட்டில் பத்துப் போயிருந்தது, மிச்சம் இருந்ததே இந்த இரண்டுதான். இதுவும் போனால் தொண்ணூறு நாள் வண்டி ஓட்டக் கூடாது. தெற்குத் தாய்லாந்தில் எங்கள் ஹாட்யாயில் ஐஸ் ஆலைகளுக்கு ஓட்டுநர் பஞ்சம் இல்லை. தொண்ணூறு நாள் வேண்டாம், ஒன்பது நாளில் என் இடத்தில் வேறு ஆள் ஏறியிருப்பான்.

எட்டுச் சீட்டில் ஒன்றுகூட நான் செய்த தப்பு இல்லை. எல்லாம் இரண்டு வருடத்துக்கு முன் நான் விற்ற பழைய பைக்குக்கு வந்தவை. எங்கள் ஊரில் பைக் விற்பது எல்லோருக்கும் தெரிந்த விதம்தான். மாற்றுப் படிவத்தில் விற்பவர் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரையும் தேதியையும் காலியாக விட்டுக் கொடுத்துவிடுவோம். வாங்கினவர் சௌகரியப்பட்டபோது அலுவலகம் போய்ப் பெயர் மாற்றிக்கொள்வார் என்று நம்பிக்கை. நம்பாமல் கேட்டால் மரியாதைக் குறைவு.

முதல் ஏழையும் பேசாமல் கட்டிவிட்டேன். கட்டினால் தொல்லை தீரும் என்று நினைத்தேன். கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று சீட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது. வேலை முடிந்து போகும் மாலை வகுப்பில் எல்லாவற்றையும் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளும் நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

பைக்கை வாங்கியவர் ரப்பர் கையுறை ஆலையில் வேலை செய்யும் நூன் அக்கா. போய்க் கேட்டேன்.

"அத அப்பவே தள்ளிவிட்டேனேடி பைலின். ஆறு மாசம்கூட வச்சுக்கல."

"யாருக்குக்கா வித்தீங்க?"

"பேரெல்லாம் யாரு கேட்டா? நீ குடுத்த பேப்பர அப்படியே குடுத்தேன். பந்தயக் குருவி வளக்குறவரு. குருவியப் பத்திப் பேச ஆரம்பிச்சா பெத்த தாயி பேரையே மறந்துருவாரு."

சீட்டில் இருந்த புகைப்படத்தை மறுபடி பார்த்தேன். ஹெல்மெட் இல்லாத ஒரு தலை. முதுகில் ஒரு கூண்டு, அதன் மேல் ஊதா நிற உறை, உறையின் ஓரத்தில் மஞ்சள் குஞ்சம். ஏழு தடவையும் வண்டி எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை செம்மீசைச் சின்னான் குருவிகள் கூவும் போட்டி நடக்கும் மைதானத்துக்குப் போனேன். வரிசையாகக் கம்பங்கள், கம்பத்துக்கு ஒரு கூண்டு. பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் கயிற்றுக்கு வெளியே நின்று, "கத்துடா ராசா, கத்துடா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஊதா உறையை மடித்துத் தோளில் போட்டிருந்தவரிடம் படத்தை நீட்டினேன்.

"அண்ணே, இது நீங்களா?"

"அட! நம்ம ஊதா!" என்றார். "குஞ்சம்கூடத் தெளிவா விழுந்திருக்கு பாரு. யாரும்மா எடுத்தது?"

"போலீஸ்."

அவர் கை உறையைத் தோளிலிருந்து மெல்ல இறக்கியது. ஹஸ்லான் என்று பெயர் சொன்னார். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வரிசையாகச் சொன்னால் கோபமாகத் தெரியாது என்று ஒரு எண்ணம். 

"ஓட்டினது நாந்தான்னு நான் வந்து சொல்லலாம்," என்றார். "ஆனா என் லைசன்ஸு செத்து மூணு வருசம் ஆச்சு. போனா ரெண்டு கேஸு ஆயிரும். நீ சின்னப் பொண்ணு, தொண்ணூறு நாளு வீட்ல இருந்து படிச்சா என்ன?"

"வீட்ல இருந்து எதச் சாப்பிடுறதுண்ணே?"

அவர் ஓரமாக நிறுத்தியிருந்த பைக்கிடம் போனார். பைக் இருக்கையைத் தூக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதங்களை எடுத்தார். என் கையெழுத்து. பெயரும் தேதியும் இன்னும் காலி.

"ஒண்ணு பண்ணு. இதுல என் மச்சான் பேர எழுதிரு. அவனுக்கு வித்ததா சொல்லு. அவன் போய்ச் சேந்துட்டான், யாரு பிடிக்கப் போறா?"

பேனாவைத் திறந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் திறந்தேன். எழுதும் முன் அடியில் இருந்த என் அடையாள அட்டை நகல் கண்ணில் பட்டது. நகலின் குறுக்கே இரண்டு கோடு, நடுவில் 'வண்டி மாற்றத்துக்கு மட்டும்' என்று என் எழுத்து, அதோடு நாள், மாதம், வருடம். யாரும் கேட்காமல் நானே போட்டது.

"உங்க மச்சான் எப்ப செத்தாருண்ணே?"

"நாலு வருசம் இருக்கும்."

"நான் கையெழுத்துப் போட்டு ரெண்டு வருசம்தான். செத்தவருக்கா வித்தேன்?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கு மூணு மணிக்கு வந்துருங்கண்ணே," என்று காவல் நிலையத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். காகிதக் கட்டைத் தராமல் அவரே வைத்துக்கொண்டார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மூன்று மணியிலிருந்து காவல் நிலையத்து மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கவுன்ட்டரில் இருந்த சார்ஜென்ட் விசித் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு தடவை என்னை. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஹஸ்லான் அண்ணன் சட்டை நனைந்து உள்ளே வந்தார். பைக்கை மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்.

"ஓட்டிட்டு வரவேண்டியதுதானேய்யா?" என்றார் சார்ஜென்ட்.

"லைசன்ஸ் இல்லாம போலீஸ் ஸ்டேசனுக்கு வண்டி ஓட்டிட்டு வர நான் என்ன கிறுக்கனா சார்?"

"மத்த இடத்துக்கெல்லாம் ஓட்டுவ, இல்ல?"

சார்ஜென்ட் நகலில் இருந்த தேதியை விரலால் தடவிப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். எட்டாவது சீட்டு அண்ணன் பெயருக்குப் போனது. கூடவே லைசன்ஸ் இல்லாததற்கு ஒன்று. என் இரண்டு புள்ளி தப்பியது.

"போன பத்துப் புள்ளி சார்?"

"ஏழு தடவ ஒத்துக்கிட்டியேம்மா. இப்ப இல்லன்னா யாரு கேப்பா? இன்னொண்ணு கேளு. பேரு மாத்துற வரைக்கும் வண்டி உன் வண்டிதான். அதுக்கு வரி பாக்கி, வண்டிச் சோதனை பாக்கி. எப்படியும் ஒரு மாசம் இழுக்கும். அதுக்குள்ள இவரு எங்கயாச்சும் செவப்புல போனா மறுபடி இந்த பெஞ்சுதான் உனக்கு."

வெளியே வந்து கையை நீட்டினேன். ஹஸ்லான் அண்ணன் என் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு சாவியை வளையத்திலிருந்து கழற்ற நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழம குருவிய எப்படிக் கொண்டுபோறது?"

எனக்கு அவர் மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "மைதானத்துக் கடைக்கு நாந்தான் ஐஸ் போடுறேன். ஆறு மணிக்கு முக்குல நில்லுங்க."

ஞாயிறு ஆறு மணிக்கு ஐஸ் வண்டியில் ஏறி, மடியில் கூண்டோடு உட்கார்ந்தார். சீட் பெல்ட்டைக் கூண்டுக்கும் சேர்த்துப் போடச் சொன்னேன். போட்டார். சந்திப்பில் மஞ்சள் விழுந்தது. ஒரு வண்டிகூட இல்லை. நிறுத்தினேன்.

"போயிருக்கலாமேம்மா," என்றார்.

பச்சை விழும்வரை நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.