ஜெனிஃபர் நிற்க மறுத்த சர்வே

காலேஜ் பஸ் கிளம்பும்போதே கோதண்டராமன் சார் சொல்லிவிட்டார். எண்ணெய் தேடும் கம்பெனி ஒன்றின் ஃபீல்டு கேம்ப்புக்கு வகுப்பிலிருந்து க்ளென்னும் அர்ஜுனனும் போகிறார்கள். ஜெனிஃபர் இல்லை.

"உனக்கு ஃபீல்டு அனுபவம் இல்லையேம்மா," என்றார், பாவம் பார்ப்பதுபோல.

பொம்மசந்திரா தொழிற்பேட்டை வந்து சேரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். பெட்ரோலிய ஜியோபிசிக்ஸ் எம்.எஸ்ஸி. சேர்ந்த நாளிலிருந்து ஒரு சர்வேயையும் அவள் தவறவிட்டதில்லை. போன இடத்திலெல்லாம் குடைக்கடியில் நாற்காலி போட்டு, "வெயில் உனக்கு எதுக்கும்மா" என்று மடியில் லேப்டாப்பை வைத்தது யார்? இதே மனுஷன்தான். உட்காரவைத்தவரே இப்போது, நீ எழுந்திருக்கவே இல்லையே என்கிறார்.

ஃபேக்டரிகளுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். ஞாயிற்றுக்கிழமை, லாரிச் சத்தம் இல்லை. பையன்கள் ஜியோபோன்களை வரிசையாக மண்ணில் குத்தினார்கள்; அந்த வரிசைக்குத்தான் லைன் என்று பேர். தரையில் வைத்த இரும்புத் தட்டில் பெரிய சுத்தியலால் ஓங்கி அடித்தால் அதிர்வு கீழே இறங்கி, பாறையில் பட்டுத் திரும்பும்; அதை ஜியோபோன் கேட்கும். கேட்கிற நேரத்தில் யாராவது காலை எடுத்து வைத்தால் அந்தச் சத்தமும் சேர்ந்து பதிவாகிவிடும். அதனால் சார் கையைத் தூக்கினால் மைதானமே சிலையாகிவிட வேண்டும்.

"ஏ ஜென்னி," என்றான் க்ளென், சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு. "கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்துல உங்க தாத்தா பாறைய உடைச்சாரு. நீ நெழல்ல குந்திக்கினு படம் பாரு."

"பேஜாரு பண்ணாத மச்சா. மூடிக்கினு அடி."

சார் கையைத் தூக்கினார். க்ளென் அடித்தான். ஜெனிஃபர் லேப்டாப்பை நாற்காலியில் வைத்துவிட்டு, ஜியோபோன் வரிசையை ஒட்டி தொம் தொம்மென்று நடந்தாள்.

திரையில் பதிவு கந்தலாகியிருந்தது. "யாரு நடந்தது?" என்றார் சார்.

"நான்தான் சார்."

"தெரியாம நடந்துட்டியா?"

"தெரிஞ்சுதான்."

மறுபடி அடித்தார்கள். மறுபடி நடந்தாள்.

"என்னம்மா இது, ஸ்ட்ரைக்கா?"

"ஃபீல்டு அனுபவம் சேக்கறேன் சார். அடிக்கத்தான் உடல, நடக்கவாச்சும் உடுங்க."

அர்ஜுனன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். ஹோசூர் ரோடு பக்கம் வானம் கறுத்திருந்தது. மழைத்துளி விழுந்தாலும் பதிவு கெடும். அது சாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"இன்டர்னல் மார்க் என் கையில இருக்கு, ஞாபகம் வெச்சுக்க."

"மார்க்க கொறச்சுக்கோங்க சார். ஆனா எனக்கு அனுபவம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்க குடுக்கலன்னு சொல்லுங்க."

க்ளென்தான் சுத்தியலை அவளிடம் நீட்டினான். "எனக்கும் தோள் போச்சு சார். அவ அடிக்கட்டும்."

"சரி, ஒரு அடி," என்றார் சார்.

"லைன் முடியற வரைக்கும்."

சார் வானத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் அடி தட்டின் விளிம்பில் பட்டு எகிறியது.

"பாத்தியா?" என்றார்.

"மொத நாள் க்ளென் தட்டையே தொடல சார். மண்ணத்தான் அடிச்சான். அவன யாரும் குடைக்குள்ள கூப்பிடல."

"நெஜம்தான் சார்," என்றான் க்ளென்.

அடுத்த அடி தட்டின் நடுவில் விழுந்தது. பிறகு அவள் நிறுத்தவில்லை. லைன் முடியும்போது இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். அர்ஜுனன் கேபிளைச் சுருட்டத் தொடங்கியதும் தூறல் விழுந்தது.

"பதிவு எப்படி சார்?"

"சுத்தமாத்தான் இருக்கு."

"அப்போ கம்பெனிக்கு போன் போடுங்க."

"நாளைக்குப் பாக்கலாம்மா."

"இன்னிக்கி காலைல நான் வேணாம்னு சொல்ல நாளைக்கி வரைக்கும் காத்திருந்தீங்களா?"

சார் போனை எடுத்தார். "ஆமா, இன்னொரு பேரு இருக்கு... பொண்ணுதான்... லேப்டாப் வேலை நல்லாப் பண்ணுவா..."

ஜெனிஃபர் கையை நீட்டினாள். "குடுங்க சார், நானே பேசறேன்." அவர் தயங்குவதற்குள் போன் அவள் காதில் இருந்தது. "சார், என் பேரு ஜெனிஃபர். லேப்டாப்புக்கு இல்ல, லைன் வேலைக்குப் பேசறேன்."

அந்தப் பக்கத்து ஆள் என்னவோ இழுத்து இழுத்துச் சொன்னார். மழையில் அவள் முகம் இறுகியது.

"லேடீஸுக்கு டென்ட் இல்லையா? கேம்ப்புக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே சார். ஒண்ணு வாங்கி வெய்யுங்க, நான் வரேன்."