எமில்டா கேட்ட விலாசம்

தங்கதுரை அண்ணாச்சியின் கருவாட்டுக் கடையில் காலை வியாபாரம் ஓய்ந்திருந்தது. ரம்யா கல்லா மேஜையில் லேப்டாப்பை விரித்து, கடைக்காகத் தான் வடிவமைத்த வெப்சைட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரே வாரத்தில் வெளியூர் ஆர்டர் இரண்டு மடங்காகியிருந்தது. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

அந்த வெப்சைட்டில் உண்மை என்று சொல்ல நெத்திலிக் கருவாடும் சீலாக் கருவாடும்தான் இருந்தன. மற்றதெல்லாம் புளுகு: எந்த ஊரிலோ உள்ள குடோனின் படம், கடைக்கு அறுபது வயது என்று ஒரு வரி, ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் பன்னிரண்டு பேர் பாராட்டு. பாராட்டு மொத்தமும் ரம்யா ஒரு மத்தியானத்தில் உட்கார்ந்து எழுதியது. முதலில் வெள்ளைக்கார முகங்களைத்தான் ஒட்டினாள்.

"கருவாடு திங்குத மூஞ்சியா இது? எவன் நம்புவான்? நம்ம ஊரு ஆளப் போடு" என்று அண்ணாச்சி அன்று தன் போனிலிருந்து ஒரு படம் அனுப்பினார். "நமக்குப் பழக்கந்தான். ஒண்ணும் சொல்லமாட்டான்."

யார் என்று அவள் கேட்கவில்லை. படத்தின் கீழே 'சுரேஷ், சென்னை, மூன்று நாட்களுக்கு முன்' என்று போட்டாள். எல்லாரும் செய்வதுதானே என்று நினைத்தாள். எல்லா அயோக்கியத்தனத்துக்கும் நம்மிடம் இருக்கிற சமாதானம் அது ஒன்றுதான்.

இருவரும் அந்த வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எமில்டா கடைக்குள் வந்தாள். திரேஸ்புரம் கடற்கரையில் இந்தக் கடைக்கு மீன் காயப்போட்டுக் கொடுப்பவள். எப்போதும் கூடையோடு வருகிறவள், இன்று நல்ல சேலை கட்டி, தோளில் துணிப்பையோடு நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு விலாசம் வேணும்."

"யாரு விலாசம்மா?"

போனை நீட்டினாள். "பக்கத்து வீட்டு ஜாஸ்லின் காட்டுனா. மூணு நாளைக்கு முன்னால ஒங்ககிட்ட கருவாடு வாங்கிருக்காரு. சென்னையில. இது எங்க வீட்டுக்காரருலா."

அவள் புருஷன் பெனிஸ்டன் கடலுக்குப் போய் மூன்று வருஷம். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. உடலைப் பார்க்காமல் எப்படி நம்புவது என்று அவள் இறந்தவர்களுக்கான பூசைக்குக்கூட அவன் பெயரைக் கொடுக்கவில்லை. இதெல்லாம் தங்கதுரைக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் படத்தை அனுப்பினார்.

"பேர மாத்திருக்காரு. அங்கன வேற குடும்பம் இருந்தாலும் சரி, நான் சண்டைக்குப் போகல. உசுரோட இருக்காருன்னு கண்ணால பாத்துட்டு வந்துருதேன். இன்னைக்கு ரயிலுக்கே போறேன் அண்ணாச்சி."

"அது வந்து… கஸ்டமர் விவரத்த வெளிய சொல்லக் கூடாதும்மா." இந்த நேரத்திலும் அந்த மனுஷனுக்கு வாயில் பொய்தான் வந்தது.

ரம்யாவுக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, தன் மேல் பாதி.

"நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று அவரைக் கேட்டாள். அவர் கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ணத் தொடங்கினார். அவள் எமில்டா பக்கம் திரும்பினாள். "அக்கா, சுரேஷ்னு யாரும் இல்ல. அத எழுதுனது நான். போட்டோ இவரு குடுத்தாரு. சென்னையில யாரும் இல்லக்கா."

எமில்டா தோளிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினாள்.

"ஒங்க கருவாடு நல்ல கருவாடு அண்ணாச்சி. நாந்தான காயப்போடுதேன். மண்ணு ஒட்டாம, ஈ அண்டாம, வெயில் பாத்துத் திருப்பிப் போடுதேன். அதச் சொல்ல நான் உசுரோட இருக்கேன்லா. எதுக்குச் செத்தவர சாட்சிக்கு இழுத்தீங்க?"

மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

தங்கதுரை நாற்காலியை விட்டு எழுந்தார். "எல்லாத்தையும் எடுத்துரு ரம்யா" என்றார். "கடை விலாசம், என் நம்பரு, கடை இருக்குத லெச்சணத்துல ஒரு போட்டோ. அது போதும்."

ரம்யா ஒவ்வொரு பாராட்டாக அழிக்கத் தொடங்கினாள். "பாக்கிறவங்க நம்பணும், அதுக்குத்தான் காசு வாங்குறேன்னு இருந்துட்டேன் அக்கா. நம்புறவங்களும் மனுஷங்கன்னு நெனைக்கல. பொய்ய நம்பவைக்கிறதும் திருட்டுதான். அதுக்கு டிசைன்னு பேரு வச்சுக்கிட்டோம்."

எமில்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அவரு படத்த அழிக்கதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு பிரிண்ட் எடுத்துக் குடும்மா. பூசைக்கு வைக்கணும்."