சுண்ணாம்புக் கோடு

சசிகலா எடுத்த சீட்டில் நாலே வரி இருந்தது. 'பட்டம் வாங்கும் பெண்ணின் அம்மா. மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். எழுதப் படிக்கத் தெரியாது. பத்து மணிக்குள் அரங்கத்தில் உட்கார வேண்டும்.' ஆறு பேர் இருக்க, இந்தச் சீட்டு தன் கைக்கா வர வேண்டும்?

பல்கலைக்கழக வளாகத்தில் விழாக்கள் நடத்தும் அந்த ஆறு பேருக்கும் இரண்டு நாள் பயிற்சி. காரணம் போன வருஷப் பட்டமளிப்பு விழா. யுவராணி என்ற பெண் மேடையில் பதக்கம் வாங்கிக்கொண்டு, போட்டோவுக்குக்கூடத் திரும்பாமல் வாசற்கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதக்கத் தட்டை ஏந்தியிருந்த சசிகலா அந்த முகத்தை ஒரு முழம் தூரத்தில் பார்த்தாள். கூட்டம் கலைந்த பிறகு கேண்டீனுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் அம்மா நின்றிருந்தார். "மைக்கு சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சுங்க. எந்தப் பக்கம்னுதான் தெரியலீங்க" என்றார். புகார் பதிவாளர் வரைக்கும் போயிற்று. இன்னொரு முறை இப்படி நடந்தால் விழாப் பொறுப்பு சசிகலாவிடம் இருக்காது என்று அவர் சொல்லிவிட்டார். இந்த வருஷ விழா வெள்ளிக்கிழமை. இன்று திங்கள்.

பயிற்சி கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மலர்விழி, கேட்டுக்கு வெளியே எல்லோரையும் நிறுத்தினாள். "இன்னிக்கு நீங்க யாரும் ஸ்டாஃப் இல்லீங்க. சீட்டுல இருக்கற ஆளு. வழி தெரியும்கறத மறந்துடுங்க. அந்த ஆளுக்கு எது வழி காட்டுதோ, அது பின்னாடி மட்டும் வாங்க. ஹால்ல பதிவாளர் சாரும் நானும் காத்திருப்போம். எப்படி வந்தீங்கன்னு ஒவ்வொருத்தரும் சொல்லணும்."

மேடை வேலை பார்க்கும் முருகனுக்குச் சிறப்பு விருந்தினர் சீட்டு. "அப்ப நான் நடந்து வரமாட்டேன் மேடம். ஏசி காரு அனுப்புங்க" என்றார்.

"உங்க மூஞ்சிக்கு மொபெட்டே அதிகம்ணா" என்றாள் டைப்பிஸ்ட் பூவிழி. சிரிப்பு அடங்கியதும் ஆளுக்கொரு பக்கமாகக் கிளம்பினார்கள்.

சசிகலா ஒன்பது வருஷமாக நடந்த பாதைதான். காவலாளி விரலால் உள்ளே காட்டினார், நடந்தாள். புங்கமரத்தடியில் பாதை மூன்றாகப் பிரிந்தது. அங்கே மூன்று போர்டுகள் கட்டியிருந்தன. அவளே எழுதிக் கொடுத்து, அவளே நின்று கட்டவைத்த போர்டுகள். ஒன்று அரங்கம், ஒன்று பதிவு, ஒன்று வாகன நிறுத்தம். எழுத்தைப் பார்க்கக் கூடாது என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். எழுத்து கலங்கி மறைந்தது. மிச்சமிருந்தவை மூன்று அம்புகள். மூன்றும் சிவப்பு. மூன்றும் ஒரே அளவு. எது எதற்கு என்று சொல்ல அவற்றில் ஒன்றுமே இல்லை. தன் சொந்த வளாகத்தில், பட்டப்பகலில், திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளையைப் போல நின்றாள்.

வேலி ஓரத்தில் ஒரு பெண் மரத்தின் அடிப்பகுதிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். செல்லி, ஒப்பந்த வேலைக்காரி, இருபத்தைந்து வயதிருக்கும். சசிகலா தயங்கித் தயங்கிப் போய், "பட்டம் குடுக்கற எடம் எங்கம்மா இருக்குது?" என்று கேட்டாள்.

செல்லி வாயைப் பொத்திச் சிரித்தாள். "என்னாங்க மேடம், எங்கிட்ட வெளாடறீங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. பொண்ணு இன்னிக்குப் பட்டம் வாங்குது."

செல்லியின் சிரிப்பு நின்றது. ஒரு டப்பாவில் சுண்ணாம்புத் தூளை அள்ளிக்கொண்டு வந்து, புங்கமரத்தடியில் குனிந்து, விரலிடுக்கில் வழியவிட்டபடி பின்னோக்கி நடக்க ஆரம்பித்தாள். "வாங்க. கோட்டப் புடிச்சிக்கினே வாங்க. வேற எதையும் பாக்காதீங்க."

பெரிய மனிதர்கள் வரும் நாளில் பாதையோரம் வெள்ளைக்கோடு போடுவது எங்கும் உள்ள வழக்கம்தான். அது அழகுக்கு என்றுதான் சசிகலா நினைத்திருந்தாள். இந்தக் கோடு நடுப்பாதையில் ஓடியது. திருப்பத்தில் திரும்பியது. மேடு வந்த இடத்தில் இரட்டைக் கோடாகி, பார்த்து நட என்றது. தண்ணீர்க் குழாயருகே சின்ன வட்டம் போட்டு ஒரு கணம் நின்று போனது.

"எத்தன வருசமா போடற செல்லி?"

"வந்ததுலேருந்து, அஞ்சு வருசமா. விழா அன்னிக்கி விடியறதுக்குள்ள போட்டுட்டு கேட்டாண்ட நிப்பேன். மொத பஸ்ஸுல வர்றவங்ககிட்ட சொன்னா போதும், அவங்க அடுத்தவங்களுக்குச் சொல்லிடுவாங்க. கன்னடம் பேசறவங்களுக்குக் கன்னடத்துல சொல்லுவேன். எங்கம்மாவுக்கும் படிப்பில்லீங்க. பெரியாஸ்பத்திரில ஒரு தடவ என்னைத் தேடி அலஞ்சுச்சு, பாவம்."

விருந்தினருக்கு என்று நினைத்த கோட்டின் மேல் அஞ்சு வருஷமாக எத்தனை அம்மாக்கள், எத்தனை அப்பாக்கள்! அவள் விடிய விடிய எழுதிய நிகழ்ச்சி நிரல் எதிலும் இல்லாத ஒரு வரி, அவள் காலடியிலேயே கிடந்திருக்கிறது.

"போன வருசந்தான் யாரோ கூட்டித் தள்ளிட்டாங்க மேடம். ஹால் வாசல்லேருந்து புங்கமரத்தடி வரைக்கும். நான் கேட்டாண்ட இருந்தேன், தெரியாது. எல்லாருக்கும் கோட்டப் புடிச்சிக்கினு போங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். பாவம், எங்க போனாங்களோ."

சசிகலாவுக்குப் போன வருஷ விழா நாள் கண்முன் வந்தது. புதுச் சிவப்புக் கம்பளம்; வாசல் வரை வந்து நின்ற வெள்ளைத் தூள்; 'மிதிச்சா நாசமாயிடும், கூட்டித் தள்ளுங்க' என்று மேஸ்திரியிடம் கத்திய தன் குரல். யார் கூட்டச் சொன்னது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. வாயைத் திறக்காவிட்டால் இனியும் கேட்கப்போவதில்லை.

கோடு அரங்கத்தின் கடைசிப் படியில் முடிந்தது. ஒத்திகைக்காக அதே கம்பளத்தை மேடை வரை விரித்திருந்தார்கள். "அவ்ளோதான் மேடம். இதுக்கு மேல நான் வரக்கூடாது" என்று செல்லி கையை முந்தானையில் துடைத்தாள்.

"நீயும் வா."

"ஐயோ, காலெல்லாம் சுண்ணாம்பு."

"எனக்குந்தான்."

உள்ளே முன்வரிசையில் பதிவாளர் திரும்பிப் பார்த்தார். மலர்விழி பேனாவை மூடினாள். "சொல்லுங்க சசிகலா, எப்படி வந்தீங்க? யாரு வழி காட்டுனாங்க?" அதற்குள் முருகன் குரல் கொடுத்தார்: "அய்யய்யோ, கார்ப்பெட்டு மேடம், கார்ப்பெட்டு!"

"சொல்றேன் மேடம், போன வருஷம் கோட்டக் கூட்டச் சொன்னது யாருன்னும் சேத்துச் சொல்றேன்" என்றபடி சசிகலா செல்லியின் மணிக்கட்டை விடாமல் நடந்தாள். பாதி தூரம் போனதும் திரும்பிப் பார்த்தாள். சிவப்பின் மேல் வாசலிலிருந்து தன் காலடிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன, பக்கத்தில் செருப்பில்லாத இன்னொரு ஜோடி, ஐந்து விரலும் தெரிய, பளீரென்று வெள்ளையாக.