தொடாத காபி

"எங்க வட்டத்துல ஒருத்தரையும் பிடிச்சு வைக்கலன்னு சொல்லு அவகிட்ட" என்றார் ஃபவ்வாஸ்.

அமெரிக்கர்கள் உட்காரவைத்த வட்டத் தலைவர். சதாம் காலத்திலும் இவரேதான் தலைவர். கூடத்துச் சுவரில் சதாம் படம் போய் ஆணி மட்டும் நிற்கிறது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அவர் சொன்னதை இங்கெரிடம் மொழிபெயர்த்தேன். பாக்தாதிலிருந்து நான் அழைத்துவந்த நார்வே பத்திரிகைக்காரி அவள். எழுதிக்கொண்டாள், நம்பவில்லை. என்னையும்தான் நம்பவில்லை. அவர் நீளமாகப் பேசி நான் சுருக்கிச் சொன்னால் அவள் புருவம் ஏறும்.

என் தம்பி சுஹைரை ஃபவ்வாஸின் ஆட்கள் சோதனைச்சாவடியில் பிடித்து இரண்டு மாதமாகிறது. விசாரிக்கப் போன அப்பாவை வாசலிலேயே விரட்டினார்கள். இந்தக் கூடத்துக்குள் நுழையத்தான் மொழிபெயர்ப்பாளன் வேலைக்கே வந்தேன். ஆனால் நானாக அவன் பெயரை எடுத்தால் அடுத்து உள்ளே போவது நான்தான்.

காபி வந்தது. இங்கெர் கிண்ணத்தை வாங்கி அப்படியே கீழே வைத்தாள். அதிகாரிகள் வீட்டில் எதையும் வாயில் வைக்காதே என்று யாரோ அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஃபவ்வாஸின் முகம் மாறியது. எங்கள் வழக்கப்படி காபியைத் தொடாமல் வைக்கிற விருந்தாளி ஏதோ கேட்டு வந்தவன். தருகிறேன் என்று வீட்டுக்காரன் வாக்குக் கொடுத்தால்தான் குடிப்பான். குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்காரனுக்குத்தான் மானக்கேடு. சுவரோரம் அவருடைய குலத்துப் பெரியவர்கள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம வழக்கமெல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கா போல. என்னவாம் வேணும்?"

அவளிடம் நான் கேட்கவே இல்லை.

"சுஹைர்னு ஒரு பையன விடணுமாம், ஐயா."

"அவனை இவளுக்கு எப்படிடா தெரியும்?"

"பத்திரிகைக்காரங்களுக்கு எதுதான் தெரியாது?"

ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "காபி ஆறுது, ஃபவ்வாஸ்."

"சரி, சரி. வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துடுவான். என் வாக்கு. குடிக்கச் சொல்லு."

சற்று முன் ஒருத்தரும் இல்லை என்றவர். இங்கெர் பக்கம் திரும்பினேன்.

"மேடம், ஒரு வாய் குடிங்க."

"இவ்வளவு நேரம் ரெண்டு பேரும் என்ன பேசுனீங்க?"

"மரியாதைக்காகத்தான் குடிக்கச் சொல்றாரு."

அவள் என்னைப் பார்த்தாள், காபியைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"அப்போ முதல்ல நீங்க குடிங்க."

கேட்டு வந்தவன் குடிக்கவேண்டிய காபி அது. ஃபவ்வாஸின் விரல்களில் உருண்டுகொண்டிருந்த ஜெபமாலை நின்றது. அவர் கண் கிண்ணத்தோடு நகர்ந்து வந்து என் முகத்தில் நின்றது. எனக்கும் என் தம்பிக்கும் ஒரே மூக்கு.