லேசாக இறங்கும்

என் கணவர் ஹெக்டரின் முகத்தை ஒரு பியர் டின்னில் அச்சடித்து விற்கிறார்கள். கேட்டீர்களா கதையை? கரைவலை இழுக்கும்போது யாரோ வெள்ளைக்காரர் எடுத்த படமாம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் யாருடைய முகம்? மகள் சிறுமியாகக் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளில் மாதாவுக்கு நேர்த்தி வைத்துக் குடியை விட்ட மனிதனின் முகம். அந்த மகளுக்கு இப்போது கலியாணப் பேச்சு நடக்கிறது. இவ்வளவு காலமும் அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை.

உப்புவெளி ஹோட்டலில் அந்தப் பியரைச் சுவை பார்க்க ஆட்களைக் கூப்பிடுகிறார்கள் என்று அறிந்ததும், பூசைக்குக் கட்டிய சேலையோடு நேரே போய் நின்றேன். பியர்க் கொம்பனிப் பொடியன் இராகுலன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“வாங்கோ அன்டி, குடிச்சுப் பாருங்கோ. செஷன் பேல் ஏல். வெறி குறைவு. இருந்து கதைச்சுக் கதைச்சு நாலைஞ்சு குடிக்கலாம். லேசா இறங்கும்.”

“லேசான சாமான்தான், இன்னும் ஒண்டு” என்று சொல்லிச் சொல்லித்தானே அந்த நாளில் ஹெக்டர் என் தாலிக்கொடியையும் குடித்து முடித்தார்!

“குடிக்கிறது எப்பவும் லேசுதான், தம்பி. விட்டுப் பாரும், அப்ப தெரியும். நீர் போட்டிருக்கிறது விட்ட மனுசன்ர முகம். எடும் அதை!”

“டின்னெல்லாம் துறைமுகத்தடிக் கடைகளுக்குப் போயிட்டுது, அன்டி. இனி ஏலாது. வேணுமெண்டால் அங்கிளுக்கு ரெண்டு பெட்டி தாறம்.”

அங்கிளுக்குப் பெட்டியாம்! அவன் நீட்டிய கிளாஸைப் பறித்து ஒரு மிடறு வாயில் ஊற்றினேன், அவன் முன்னாலேயே காறித் துப்புவதற்காகத்தான். தோடம்பழத் தோலின் கசப்பு. பிறகு, வெயிலில் வந்தவளுக்கு மோர் இறங்குவது போல ஒரு குளிர். துப்ப மனம் வரவில்லை, விழுங்கிவிட்டேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மிச்சத்தை அவனுடைய வெள்ளைச் சேட்டில் ஊற்றிவிட்டு வந்தேன்.

வீட்டில் ஹெக்டர் வலை தைத்துக்கொண்டிருந்தார். நான் எங்கே போனேன் என்று அவருக்குத் தெரியும். கிட்டப் போனதும் மூக்கை உறிஞ்சினார். தைத்த கை நின்றது.

“கிறிஸ்டின்,” என்றார். எச்சிலை விழுங்கினார். “எப்பிடி இருந்தது?”

குடித்த காலத்து அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன்.

“மீன் கழுவின தண்ணி,” என்றேன். “நாயும் மோந்து பாராது.”

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி ஊசியை எடுத்தார். நான் குசினிக்குள் போய் உப்புத் தண்ணீரால் திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்தேன். பாழாய்ப்போன அந்த ருசி போகவே இல்லை.